எட்டாம் எண் சட்டை: கேல் ரிப்கனை நேரில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

அமெரிக்க பேஸ்பால் வீரர் கேல் ரிப்கன் ஜூனியரைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் அது 2,632 என்ற எண்ணில் போய் நின்றுவிடுகிறது. 1982 மே 30 முதல் 1998 செப்டம்பர் 19 வரை, பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. மிகப் பெரிய சாதனைதான். ஆனால் அத்தனை நாளும் அவர் மைதானத்தில் எங்கே நின்றார், எப்படி நின்றார் என்பதை யாரும் சொல்வதில்லை. பத்தாண்டுக்கு மேல் அவர் ஆட்டத்தைக் கண்ணாரப் பார்த்தவன் என்பதால் அதை நான் எழுதுகிறேன். அவரை நேரில் கண்ட மற்றவர்களும் தங்கள் அனுபவத்தை இங்கே சேர்க்க வேண்டும்.

படிப்பதற்காக 1989 இறுதியில் பால்டிமோருக்கு வந்தேன். அடுத்த வசந்தத்தில் ஆய்வகத் தோழர் ஒருவர் 33ஆம் தெருவில் இருந்த, ஓரியோல்ஸின் அப்போதைய மைதானமான மெமோரியல் ஸ்டேடியத்துக்கு அழைத்துச் சென்றார். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண் மட்டையையும் பந்தையும் விட்டு நகரவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர். இந்த விளையாட்டு எனக்குப் புதிது என்று தெரிந்ததும், ஒரே ஒரு இன்னிங்ஸ் பந்தைப் பார்க்காமல் எட்டாம் எண் சட்டைக்காரரான ரிப்கனை மட்டும் பார்க்கும்படி சொன்னார்.

பார்த்தேன். அவர் நின்ற இடம் ஷார்ட்ஸ்டாப். அந்த இடத்துக்காரருக்குக் காவல் காக்கத் தனியாக ஒரு பேஸ் (ஓட்டக்காரர் தொட்டுச் செல்ல வேண்டிய மூலை) கிடையாது. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் இடைப்பட்ட வெளி முழுவதும் அவர் பொறுப்பு. வலக்கை ஆட்டக்காரர்கள் ஓங்கி அடிக்கும் பந்துகளில் பெரும்பகுதி அங்கேதான் பாயும். அந்தக் காலத்தில், அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் தொடைகளுக்கு நடுவே விரல்களைக் காட்டி அடுத்த பந்து வேகமானதா, வளைந்து வருவதா என்று பந்து வீசும் பிட்ச்சருக்குச் சொல்வார். அந்தச் சைகை ஷார்ட்ஸ்டாப்புக்கும் தெரியும். விரல்கள் மறைந்ததும் ரிப்கன் இடப்பக்கம் ஓர் அடி நகர்ந்தார். பிட்ச்சரின் கை மேலே எழும்போது முன்னால் சிறிதாக ஓர் அடி. பந்து மட்டையை நெருங்கும் நேரத்தில் குதிகால்கள் தரையில் இல்லை. அடுத்த ஆட்டக்காரருக்கு வேறு இடம், வேறு கோணம். மூன்றாவது ஆட்டக்காரர் தரையோடு உருண்டோடும் பந்தை வேகமாக அடித்தார். நான் கையுறை பக்கம் திரும்புவதற்குள் பந்து அதனுள் இருந்தது. அவர் பாயவுமில்லை, விழவுமில்லை. ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். தலைக்கு மேலிருந்து ஒரே வீச்சு, முதல் பேஸில் ஆள் அவுட்.

விழுந்து புரண்டு பந்தைப் பிடிப்பவருக்குத்தான் நாம் கை தட்டுவோம். விழ வேண்டிய தேவையே வராமல் பார்த்துக்கொண்ட இந்த மனிதரின் வேலை அரங்கில் பாதிப் பேருக்குக் கண்ணில் படவில்லை.

ஆறடி நான்கு அங்குல உயரம். அந்தக் காலத்தில் ஷார்ட்ஸ்டாப் என்றால் குள்ளமாக, அணில்போலத் துள்ளுபவராக இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. மூன்றாவது பேஸில் நின்ற இளைஞரை 1982 ஜூலை 1 அன்று ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு மாற்றியவர் மேலாளர் எர்ல் வீவர். 1996 வரை அந்த இடம் ரிப்கனுடையது. 1983இல் ஓரியோல்ஸ் ஆண்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றபோது கடைசிப் பந்தைப் பிடித்ததும் அவர்தான். ஓட்டத்தில் அவரைவிட வேகமானவர்கள் எத்தனையோ பேர். அவரிடம் இருந்தவை வலுவான கையும், எதிராளியின் பழக்கத்தை மனப்பாடம் செய்துவைத்த தலையும். தந்தை கேல் ரிப்கன் சீனியர் ஓரியோல்ஸ் நிறுவனத்தின் சிறு நகர அணிகளில் மேலாளராக இருந்தவர். அந்த மைதானங்களைச் சுற்றித்தான் பிள்ளை வளர்ந்தார்.

நான் பார்த்த அந்த 1990இல் அவர் ஆண்டு முழுவதும் செய்த தவறுகள் மூன்று. பந்து அவரிடம் வந்த 680 தடவைகளில் மூன்றே மூன்று! ஆனாலும் சிறந்த தடுப்பாளருக்கான கோல்ட் க்ளவ் விருது அந்த ஆண்டு அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. விருது அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1987 முதல் 1992 வரை இரண்டாவது பேஸில் நின்றவர் தம்பி பில்லி ரிப்கன். 1987இல் தந்தையே மேலாளர். ஒரே அணியில் இரண்டு மகன்களை வைத்து ஆட்டம் நடத்திய தந்தை, நாட்டின் முதன்மைப் போட்டியான மேஜர் லீகில் அதற்கு முன் யாருமில்லை. நான் வந்த காலத்தில் அண்ணனும் தம்பியும் டபுள் ப்ளே (ஒரே அடியில் இரண்டு பேரை அவுட் ஆக்குவது) செய்வதைக் காண்பதற்காகவே டிக்கெட் வாங்குவேன். அண்ணன் பந்தை எடுத்துத் தம்பி இருக்கும் திசையில் வீசமாட்டார். தம்பி வந்து சேரப்போகும் இடத்துக்கு வீசுவார். தலை நிமிர்ந்து பார்ப்பதே அபூர்வம்.

முந்தைய சாதனைக்காரரான லூ கெரிக்கோடு ரிப்கனை ஒப்பிடும்போது, அவர் நின்ற இடத்தை மறக்கிறார்கள். கெரிக் மகத்தானவர். 1939இல் நோய் அவரை நிறுத்தும்வரை 2,130 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடினார். ஆனால் அவர் முதல் பேஸ்காரர். ஷார்ட்ஸ்டாப்போ டபுள் ப்ளேயின்போது ஒற்றைக் காலில் திரும்பி வீச வேண்டும். அந்தக் காலத்தில், அந்த நொடியில் எதிரணி ஓட்டக்காரர் அந்தக் காலைக் குறிவைத்துச் சறுக்கி வருவார். இந்த இடத்தில் பதினான்கு ஆண்டுகள் ஒரு நாள்கூட விடாமல் நின்றிருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

*

எல்லிகாட் சிட்டியிலிருந்து ஒருவர்:

1995 செப்டம்பர் 6 அன்று ஓரியோல்ஸின் புதிய மைதானமான கேம்டன் யார்ட்ஸில் நான் இருந்தேன். எதிரணி கலிபோர்னியா ஏஞ்சல்ஸ். வலது வெளிமைதானத்துக்குப் பின்னால் நிற்கும் பழைய ரயில்வே கிடங்கின் செங்கல் சுவரில் கெரிக்கின் எண்ணான 2130 பெரிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் ஏஞ்சல்ஸ் அடிக்கும் முறை முடிந்தால், ஓரியோல்ஸ் முன்னிலையில் இருப்பதால் ஆட்டம் கணக்கில் சேர்ந்துவிடும். நான்காவதில் ரிப்கன் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி ஒரு ஹோம் ரன் அடித்தார். அதிபர் கிளிண்டன் அரங்கில் இருந்தார். கெரிக்கோடு ஒரே அணியில் ஆடிய ஜோ டிமாஜியோவும் வந்திருந்தார்.

ஐந்தாவதில் மூன்றாவது ஆள் அவுட் ஆனதும் சுவரில் கடைசி எண் மாறியது. 2131. அதன்பின் 22 நிமிடங்கள் ஆட்டம் நடக்கவில்லை. அவர் வெளியே வந்து கையசைப்பார், உள்ளே போவார். கூட்டம் விடவில்லை. கடைசியில் அணித் தோழர்கள் பால்மேரோவும் போனியாவும் அவரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அவர் மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். ஓட்டம் என்றா சொல்வது? நின்று நின்று, வேலிக்கு மேல் நீண்ட கைகளையெல்லாம் பிடித்துக்கொண்டு போனார். எதிரணியினரும் வரிசையில் நின்று கை கொடுத்தார்கள். மேலே ஓர் அறையில் அவர் தந்தை நின்றிருந்தார். மகன் கீழிருந்து அண்ணாந்து பார்த்த அந்த நேரத்தில் எனக்கு என் அப்பா நினைவு வந்துவிட்டது.

முந்தைய ஆண்டு வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே நடக்கவில்லை. இந்த விளையாட்டைக் கைவிட்டுவிடலாம் என்று இருந்த என்னைத் திரும்ப அழைத்துவந்தது அந்த இரவுதான்.

*

கன்சாஸ் சிட்டியிலிருந்து ஒருவர்:

சிறிய குறிப்பு. ஜப்பானில் சச்சியோ கினுகாசா என்பவர் ஹிரோஷிமா கார்ப் அணிக்காக 2,215 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடியவர். ரிப்கன் அதைத் தாண்டியது 1996 ஜூன் 14 அன்று எங்கள் ஊரில். தன் எண்ணைத் தாண்டுபவரைப் பார்க்கக் கினுகாசாவே அரங்குக்கு வந்திருந்தார். அன்று நான் அவரைத்தான் அதிகம் பார்த்தேன்.

*

டவ்சனிலிருந்து ஒருவர்:

என் மகனுக்கு அப்போது ஏழு வயது. பள்ளி அணியில் ஷார்ட்ஸ்டாப் கேட்டு அடம்பிடிப்பான். 1996இல் ஓர் இரவு ஆட்டம் முடிந்த பிறகும் ரிப்கன் வேலி ஓரம் நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படி நெடுநேரம் நிற்பது ஊரறிந்த விஷயம். எங்கள் முறை வர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. பிள்ளை பந்து கொண்டுவரவில்லை. தன் கையுறையை நீட்டினான். அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. கையுறையை வாங்கித் திருப்பினார். உள்ளங்கைக் குழியைக் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். தோல் இன்னும் விறைப்பாக இருந்தது. மகனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குழிக்குள் எழுதாமல் மணிக்கட்டுப் பட்டையில் எழுதிக் கொடுத்தார். பந்து படும் இடத்தில் எழுதினால் அழிந்துவிடும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கையுறையோடுதான் என் மகன் அதன்பிறகு மூன்று ஆண்டுகள் ஆடினான். எழுத்து அப்படியே இருக்கிறது.

*

கேட்டன்ஸ்வில்லிலிருந்து ஒருவர்:

அவர் ஓய்வு எடுத்திருக்க வேண்டும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். மட்டை சோர்ந்திருந்த ஆண்டுகளில், இப்படி இடைவிடாமல் ஆடுவது அவரையும் வருத்துகிறது, அணியையும் வருத்துகிறது என்று வாதாடினேன். 1997இல் முதுகுத் தண்டின் வட்டு பிதுங்கிய வலியோடு அவர் ஆடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. 1998 செப்டம்பர் 20, ஞாயிறு இரவு, நியூயார்க் யாங்கீஸ் அணியோடு ஆட்டம். ஆட்டம் தொடங்கச் சிறிது நேரம் இருக்கையில் தன்னை விட்டுவிடும்படி மேலாளர் ரே மில்லரிடம் அவரே சொல்லியிருக்கிறார். அப்போது ரிப்கன் நின்றுவந்த மூன்றாவது பேஸில் ரையன் மைனர் என்ற புதிய இளைஞர் வந்து நின்றார். எங்களுக்குப் புரியச் சில நிமிடங்கள் ஆயின. முதல் ஆள் அவுட் ஆனதும் யாங்கீஸ் வீரர்கள் படியேறி வெளியே வந்து, ரிப்கன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துக் கை தட்டினார்கள். பல ஆண்டுகளாக நான் கேட்டது நடந்துவிட்டது. ஆனால் அழுகை வந்தது.

*

தொடங்கியவர் மீண்டும்:

கேட்டன்ஸ்வில் அன்பருக்கு ஒரு பதில். மட்டை சோர்ந்தது என்று நீங்கள் சொல்லும் ஆண்டுகளுக்கு அடுத்து வந்தது 1991. மட்டைச் சராசரி .323 (ஏறக்குறைய மூன்று முறைக்கு ஒரு வெற்றியடி), ஹோம் ரன் 34. அணி 95 ஆட்டங்களில் தோற்றும் லீகின் மதிப்புமிக்க வீரர் அவர்தான். ஓய்வு எடுத்திருந்தால் அது வந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் அழுகை எனக்குப் புரிகிறது.

2001 ஜூலையில் சியாட்டிலில் நடந்த, லீகின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ரிப்கன் மூன்றாவது பேஸுக்குப் போய் அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன. முதல் இன்னிங்ஸில் ஷார்ட்ஸ்டாப்பாக நின்ற அலெக்ஸ் ரோட்ரிகஸ் அவரிடம் வந்து, தன் இடத்துக்குப் போகும்படி கையால் தள்ளினார். ரிப்கன் தயங்கினார். மேலாளர் ஜோ டோரியும் கையைக் காட்டவே, நடந்து போய் அந்தப் பழைய இடத்தில் நின்றார். நான் மற்றதை விட்டுவிட்டுக் கால்களைத்தான் பார்த்தேன். மூன்றாவது இன்னிங்ஸில் முதல் பந்திலேயே ஹோம் ரன் அடித்தார் என்பதெல்லாம் பிறகு வந்த கதை.

1991 அக்டோபர் 6 அன்று மெமோரியல் ஸ்டேடியத்தில் ஓரியோல்ஸின் கடைசி ஆட்டம் நடந்தது. அங்கே கடைசியாக அவுட் ஆனவர் ரிப்கன். அவர் அடித்த பந்து டபுள் ப்ளேயில் முடிந்தது. சரியாகப் பத்தாண்டு கழித்து, 2001 அக்டோபர் 6 அன்று, கேம்டன் யார்ட்ஸில் பாஸ்டனுக்கு எதிராக அவருடைய 3,001ஆவது ஆட்டம். இரண்டுக்கும் போயிருந்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட். மட்டையோடு நின்றவர் பிரேடி ஆண்டர்சன். அவர் பேஸ் ஏறினால் அடுத்து ரிப்கன் அடிக்க வருவார். அரங்கம் முழுவதும் ஆண்டர்சனுக்காக எழுந்து நின்றது. அவர் மட்டையை வீசினார், படவில்லை. ரிப்கன் அடுத்த ஆட்டக்காரர் காத்திருக்கும் வட்டத்துக்குள், மட்டையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.