தாய்லாந்தின் சியாங் மாயில் தங்க ஓய்வு விசாவா, டிடிவி விசாவா?

கோவைவாசி:
எனக்கு 53 வயது, மனைவிக்கு 48. கம்பெனி வேலையை விட்டாச்சு, ஆனால் ஒரு அமெரிக்க கிளையன்ட்டுக்கு வாரம் 15 மணி நேரம் கோடிங் செய்கிறேன், அதை விட மனசில்லை. இரண்டு மூன்று வருடம் சியாங் மாயில் இருக்க ஆசை. ஏஜென்ட் "50 தாண்டிட்டீங்க, ஓய்வு விசா போதும்" என்கிறார். அதற்காக 8 லட்சம் பாட் (தாய்லாந்து பணம்) வங்கியில் முடங்குவதுதான் இடிக்கிறது. அங்கே இருந்தவர்கள் சொல்லுங்களேன்.

வைகைக்கரை:
சார், அவசரப்படாதீங்க. ஓய்வு விசாவில் வேலை செய்யக் கூடாது, உங்களுக்கோ மாதாமாதம் இன்வாய்ஸ் போகிறது. வயதை விடுங்கள், இன்னும் சம்பாதிக்கிறீர்களா என்பதை வைத்து விசாவைத் தேர்ந்தெடுங்கள். 2024 ஜூலையில் வந்த டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு வேலை செய்பவர்களுக்கும் கிடைக்கும். 5 வருடம் செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள். 5 லட்சம் பாட் இருப்பு காட்டினால் போதும், அது நம்ம ஊர் வங்கியிலேயே இருக்கலாம். தாய்லாந்துக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். மனைவிக்குத் தனி விண்ணப்பம், திருமணச் சான்றிதழோடு.

நான் மூன்று வருடம் ஓய்வு விசாவில் இருந்தேன். 8 லட்சம் பாட் அந்த ஊர் வங்கியில், நீட்டிப்புக்கு 2 மாதம் முன்பும் பிறகு 3 மாதமும் அப்படியே இருக்க வேண்டும், அப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, ஊருக்கு வரும்முன் ரீ-என்ட்ரி பெர்மிட் (திரும்ப நுழைவதற்கான அனுமதி) வாங்க வேண்டும். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்ததும் அது இல்லாமலே மதுரைக்கு ஓடி வந்துவிட்டேன், இருந்த அனுமதி அத்தோடு போச்சு, முதலிலிருந்து எல்லாம் செய்தேன். பெற்றோர் ஊரில் இருந்தால் இதை மறக்காதீங்க.

ஜார்ஜ்டவுன் தமிழன்:
பினாங்கையும் யோசியுங்கள் அண்ணா. மலேசியாவில் இருந்தபடி ஆன்லைனில் வேலை செய்பவர்களுக்கான டிஇ ராந்தாவ் பாஸ் 2022 முதல் இருக்கிறது, ஐடி ஆளுக்கு வருட வருமானம் 24,000 டாலருக்கு மேல் வேண்டும். 12 மாதம் வரை, அப்புறம் இன்னொரு 12 மாதம், அவ்வளவுதான், அதனால் உங்கள் மூன்று வருடத்துக்குப் போதாது. ஆனால் அண்ணிக்குத் தமிழில் பேச ஆள் இருக்கும், காலையில் இட்லி கிடைக்கும், புது ஊரில் அது சின்ன விஷயமில்லை. எம்எம்2எச் (மலேசியாவின் நீண்ட நாள் தங்கும் விசா) பக்கம் போகாதீங்க, அதில் சில்வர் வகைக்கே 1,50,000 டாலர் டெபாசிட், அதோடு வீடும் வாங்க வேண்டும்.

கோவைவாசி:
ரொம்ப நன்றி. அப்பாவுக்கு 81 வயது, எப்போது வேண்டுமானாலும் ஓடி வர வேண்டியிருக்கும், அதனால் டிடிவிதான். வரி எப்படி?

வைகைக்கரை:
ஒரு காலண்டர் வருடத்தில் 180 நாள் அங்கே இருந்தால் வரிக்கணக்கில் நீங்கள் அந்த நாட்டவர் மாதிரி. 2024 முதல் வெளியே சம்பாதித்து அங்கே கொண்டுவரும் பணத்துக்கும் வரி கேட்கிறார்கள், போகும்முன் ஆடிட்டரைப் பாருங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடும் வயலும் எரிக்கும் புகை சியாங் மாயை மூடிவிடும், மூச்சு விடவே சிரமம். செப்டம்பர் தொடக்கத்தில் நுழைந்தால் 180 நாள் பிப்ரவரி கடைசியில் முடியும், அப்படியே கிளம்பி அப்பாவோடு இருந்துவிட்டுப் போங்கள்.