ராவெலின் ஓப்பரா குழந்தைகளுக்கா, பெரியவர்களின் ஏக்கத்துக்கா?

பழையஊசி:
பிரெஞ்சு இலக்கியத்திலும் இசையிலும் வரும் குழந்தைப் பருவ மாயத்தைப் பற்றி எல்லாரும் உருகுகிறார்கள், எனக்கு அது பெரியவர்களின் பெருமூச்சாகத்தான் கேட்கிறது. 'குட்டி இளவரசன்' 1943இல் வந்தது, செந்த் எக்சுபெரி அதை எழுதியது போரில் நாட்டை இழந்து நியூயார்க்கில் இருந்தபோது. இசையமைப்பாளர் ராவெலின் 'குழந்தையும் மாயங்களும்' ஓப்பரா, அதாவது பாடியே நடிக்கும் நாடகம், 1925இல் மோன்தே கார்லோவில் அரங்கேறியது. அவர் அம்மா இறந்தது 1917இல். ஓப்பராவின் கடைசிச் சொல்? 'அம்மா'. ஐம்பது வயதுக்காரரின் துக்கம் ஐயா அது. குழந்தை வேடத்தைப் பாடுவதுகூட வளர்ந்த பெண்தான்.

நிலாமுற்றம்:
கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டீர்களே சார், அதற்கு முன் முக்கால் மணி நேரம் என்ன நடக்கிறது? ஓப்பராவின் கதையையும் பாட்டு வரிகளையும் எழுதியவர் கொலெத். அவர் எழுதிய அந்தப் பையனுக்கு ஆறேழு வயது, பாடம் படிக்க மாட்டேன் என்று டீ கெண்டியை உடைக்கிறான், கூண்டு அணிலைப் பேனா முனையால் குத்துகிறான், கதைப் புத்தகத்தைக் கிழிக்கிறான். அப்புறம் அந்தப் பொருள்களே எழுந்து வந்து கணக்குக் கேட்கின்றன. ஊசலைப் பறிகொடுத்த கடிகாரத்தால் மணியடிப்பதை நிறுத்த முடியவில்லை. நாலும் நாலும் பதினெட்டு, பதினொன்றும் ஆறும் இருபத்தைந்து என்று ஒரு கிழவர் கத்திக்கொண்டு வருகிறார். ஏங்குகிறவர் யாராவது குழந்தைப் பருவத்தை இந்த லட்சணத்தில் காட்டுவாரா? அம்மா மேடைக்கு வந்தால் பாவாடையும் கையும்தான் தெரியும், எல்லாப் பொருளும் பெரிதாக இருக்கும், அப்படித்தான் கொலெத் கேட்டிருக்கிறார். ஆறு வயதுக்காரன் கண்ணுக்கு வீடு அப்படித்தான் இருக்கும்.

கடலைமிட்டாய்:
நாலும் நாலும் பதினெட்டு ஓப்பரா எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் நடக்கிறது. நீங்கள் தொடருங்கள்.

பழையஊசி:
பார்வை குழந்தையுடையதாக இருந்தால் படைப்பும் குழந்தைக்கானதாகி விடுமா? இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸி 1908இல் பியானோத் தொகுப்பு ஒன்றைக் குட்டி மகள் ஷூஷூவுக்குச் சமர்ப்பித்தார், அவளுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. அவளா வாசிக்கப் போகிறாள்?

நிலாமுற்றம்:
தெபுஸ்ஸியை விடுங்கள், அதற்கு நல்ல விரல் பயிற்சி வேண்டும். ராவெலின் 'வாத்துத் தாய்' நண்பர் வீட்டு இரண்டு பிள்ளைகள் சேர்ந்து வாசிப்பதற்காகவே நாலு கைப் பியானோவுக்கு எழுதியது, 1910இல் பாரிஸ் மேடையில் முதலில் வாசித்ததும் இரண்டு சிறுமிகள். அதில் தேவதைக் கதைகள் எழுதிய பெரோவின் கட்டைவிரல் பையன் காட்டில் தொலைந்துபோகும் பகுதியைக் கேளுங்கள். தாளம் இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று நீண்டுகொண்டே போகும், மெட்டு நிற்க இடம் தெரியாமல் அலையும், அவன் அடையாளத்துக்குப் போட்ட ரொட்டித் துணுக்குகளைத் தின்ற பறவைகள் மேலே கீச்சிடும். வாசிக்கச் சுலபம், கேட்டால் வயிற்றைப் பிசையும். பெரோவே 1697இல் சிவப்புத் தொப்பிக்காரியை ஓநாய் தின்றதோடு கதையை முடித்துவிட்டார், காப்பாற்ற யாரும் வரவில்லை. ஏக்கத்தில் எழுதினால் இந்தப் பயம் வராது.

பழையஊசி:
ஏன் வராது? ஏங்குகிறவனுக்கும் பயம் உண்டு. அலென் ஃபூர்னியேயின் 1913 நாவலில் குழந்தைகள் சட்டம் போடும் ஒரு விருந்து வரும், அதைத் தற்செயலாகப் பார்த்துவிட்ட பையன் அந்த மாளிகையைத் திரும்பத் தேடியே வாழ்க்கையைத் தொலைக்கிறான். பதினேழு வயதில் படித்தால் அழுவார்கள். ஏழு வயதில் மூடி வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். நான் கேட்பது இவ்வளவுதான், யாருக்காக எழுதினார்கள்?

கடலைமிட்டாய்:
என் பெண்ணுக்கு ஏழு வயதுதான். எதில் ஆரம்பிக்கலாம், அதைச் சொல்லுங்கள்.

நிலாமுற்றம்:
ஓப்பராவில் இரண்டு பூனைகள் பாடும் இடம். வார்த்தையே கிடையாது, மியாவ் மட்டும்தான்.

பழையஊசி:
அதைப் போடுங்கள். ஆனால் அது காதல் பாட்டு, பெரியவர்களுக்கானது, சொல்லிவிட்டேன்.