பவானி ஜமக்காளம் தைத்த மாடுலர் சோஃபா: தையலோரம் நூல் விலகுகிறது, உதவி தேவை

கேட்பவர், கோவை:
பிரித்து எப்படி வேண்டுமானாலும் சேர்த்துப் போடக்கூடிய சோஃபா எங்களுடையது. சட்டம் தேக்கு. குஷன் உறைகளைப் பவானி ஜமக்காளத்தில் தைக்கச் சொன்னோம். ஓராண்டுகூட ஆகவில்லை, உட்காரும் குஷன்களின் முன்விளிம்பில் தையலை ஒட்டித் தடித்த சிவப்பு நூல்கள் ஒதுங்கி, உள்ளே இருக்கும் மெல்லிய நூல்கள் சீப்புப் பல்லைப் போலத் தெரிகின்றன. எந்த நூலும் அறவில்லை. சாய்மானக் குஷன்கள் புதிதுபோலவே இருக்கின்றன. தைத்தவர், “கைத்தறி இப்படித்தான், பாலியஸ்டருக்கு மாறுங்கள்” என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. காப்பாற்ற வழி உண்டா?

குஷன் வேலை செய்பவர், ஈரோடு:
நூல் அறவில்லை என்றால் துணி நன்றாகவே இருக்கிறது. ஜமக்காளத்தின் நிறக் கோடுகள் முன்விளிம்புக்கு இணையாக ஓடுகின்றனவா, குறுக்காகவா? உறைக்குள் கைவிட்டுப் பாருங்கள்: தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், அடியில் வேறு துணி கொடுத்திருக்கிறார்களா?

கேட்பவர்:
கோடுகள் இணையாகத்தான் ஓடுகின்றன. தையலுக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அடித்துணியும் இல்லை.

நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர், பவானி:
காரணம் அதுதான் அம்மா. மேலே கண்ணில் படும் சிவப்பு நூல் ஊடை, அதாவது தறியில் குறுக்கே ஓடும் நூல்; மெல்லியது பாவு, நெடுக்கே ஓடும் நூல். ஜமக்காளத்தில் தடித்த ஊடை பாவை முழுவதும் மூடிவிடும். தையல் ஊடைக்கு, அதாவது கோடுகளுக்கு, இணையாகப் போனால், உட்காரும்போது விழும் இழுப்பில் ஊடை நூல்கள் பாவின்மேல் வழுக்கி ஒதுங்கும். கோடுகளை முன்னிருந்து பின்னாக வைத்து வெட்டியிருந்தால் இந்த அளவுக்கு விலகாது. தரையில் விரிப்பதற்கு நெய்த துணி இது. விரிப்பில் தையலே கிடையாது. சோஃபாவுக்கு வெட்டுகிறவர் அதை அறிந்து வெட்ட வேண்டும். பழியைத் தறியின்மேல் போடுவது நியாயமில்லை.

குஷன் வேலை செய்பவர், ஈரோடு:
அண்ணன் சொல்வது சரி. இப்போது செய்ய வேண்டியது: உறையைப் பிரித்து, விலகிய ஊடையை ஊசி முனையால் மெதுவாகப் பழைய இடத்துக்குத் தள்ளுங்கள். பின்புறம் துவைத்துச் சுருங்கிய காடா துணியை (வெளுக்காத பருத்தித் துணி) முழு அளவுக்கு வைத்து, விளிம்பு நெடுகச் சேர்த்துத் தைக்க வேண்டும். துவைக்காத காடா பிறகு சுருங்கி மேல்துணியையும் இழுத்துவிடும். ஓரத்தில் நூல் பிரியாமல் இருக்க ஓவர்லாக் தையல், அதன்பின் இரட்டைத் தையல். புதிதாக வெட்டினால் தையலுக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் விடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை. உறை விறைப்பாக நிற்பதற்காக ஃபோமைச் சற்றுப் பெரிதாக வெட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். பாலியஸ்டர் அதைத் தாங்கும். ஜமக்காளத்தில் அந்த இழுப்பு முழுவதும் தையலில்தான் விழும். இதற்கு ஃபோமும் உறையும் ஒரே அளவு போதும்.

கேட்பவர்:
ஒரு குஷனை மட்டும் இப்படித் தைத்துப் போட்டேன். இதுவரை விலகவில்லை, மற்றவற்றையும் கொடுத்துவிட்டேன். ஆனால் டைல்ஸ் தரையில் துண்டுகள் நகர்ந்து இடைவெளி விழுகிறது. பிள்ளைகள் குஷன் துணியைப் பிடித்துத்தான் இழுத்துச் சேர்க்கிறார்கள்.

குஷன் வேலை செய்பவர், ஈரோடு:
எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் அந்த இழுப்பு தையலைப் பிரித்துவிடும். அடிச்சட்டத்தில் துண்டுக்குத் துண்டு மாட்டும் இரும்புக் கொக்கி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், கால்களுக்கு ரப்பர் பாதமும் ஒட்டுங்கள். இடம் மாற்றும்போது கொக்கியைக் கழற்றி, சட்டத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும்.

நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர், பவானி:
துவைப்பதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்புக் கோட்டை ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள் அம்மா. நிறம் ஒட்டினால் தண்ணீரில் போடாமல் டிரை கிளீனிங் கொடுங்கள்.