ரெசின் குதிரைவீரன் மேல் கிரீன் ஸ்டஃப் வேட்டி உரிந்து வருகிறது: உதவி தேவை

குதிரைப்படை (தண்டையார்பேட்டை) எழுதியது:

வணக்கம். போர் விளையாட்டுகளுக்கான 28 மில்லிமீட்டர் உருவங்களை வெட்டி, ஒட்டி, புட்டியால் (பிசைந்து வைத்தால் இறுகிவிடும் களிம்பு) மேல்வேலை செய்து வேறு ஆட்களாக மாற்றுவதில்தான் என் ஓய்வு நேரமெல்லாம் போகிறது. இப்போது கையில் இருப்பது நான் வெகுநாளாக ஆசைப்பட்ட வேலை. கவசம் பூண்ட மேலைநாட்டுக் குதிரைவீரர்களை எடுத்து, நம் எல்லைச்சாமியின் பரிவாரமாக மாற்றுகிறேன். ஐயனாரைச் செய்யவில்லை. பகடை உருட்டும் மேசையில் அவரை நிறுத்த மனம் ஒப்பவில்லை. அவர் பின்னால் இரவில் ஊரைச் சுற்றிவரும் ஆட்களைத்தான் செய்கிறேன்: முண்டாசு, முறுக்கு மீசை, தார்ப்பாய்ச்சிக் கட்டிய வேட்டி, கையில் அரிவாள்.

குதிரையும் வீரனும் ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசின்) வார்ப்பு. கால் கவசத்தைக் கத்தியால் சீவிவிட்டு, அதன்மேல் கிரீன் ஸ்டஃப் என்ற இருகலவைப் புட்டியை வைத்து வேட்டி செய்கிறேன். மறுநாள் புட்டி இறுகியபின் உப்புத்தாள் போட்டால், வேட்டியின் ஓரம் தொடையிலிருந்து தோலாக உரிகிறது. தேய்த்த இடமும் வழவழப்பாகாமல் பஞ்சு பஞ்சாக நிற்கிறது. இது போதாதென்று, பிசைந்த புட்டிக்குள் சிறு கட்டிகள் வேறு. மடிப்பு இழுக்கும்போது கருவி அதில் முட்டி, மடிப்பே கிழிந்துவிடுகிறது.

மீசைதான் பெரிய தலைவலி. வைத்தவுடன் முனை தொய்ந்து கன்னத்தில் படுத்துவிடுகிறது. சற்றுப் பொறுத்துத் தொட்டால் இறுகிப் போயிருக்கிறது. புட்டி ஒன்றரை மணி நேரம் கைக்கு இளகும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். மே மாதத்தில், ஓட்டு வீட்டு மாடியில், அதில் பாதிகூட எனக்குக் கிடைப்பதில்லை.

மஞ்சளும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வரும் நாடா வகைதான் வைத்திருக்கிறேன். இரண்டையும் சம அளவில் எடுக்கிறேன். ஒட்டாமலிருக்கக் கருவிகளில் வாஸ்லின் தடவுகிறேன். குழாய் ஒழுகலுக்குப் போடும் எம்-சீலே போதும், விலையும் மலிவு என்கிறார் நண்பர் ஒருவர். மாறிவிடலாமா? படை முழுவதற்கும் வேட்டி கட்ட வேண்டியிருப்பதால், தொடரும் முன் தெளிந்துகொள்ள விரும்புகிறேன்.

பெரம்பூர் ஃபிட்டர் எழுதியது:

தம்பி, நல்ல யோசனை. கண்டிப்பாக முடித்துக் காட்டுங்கள்.

முதலில் கட்டிகள். நாடாவில் மஞ்சளும் நீலமும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோடு இருக்கிறதல்லவா, அங்கே இரண்டும் கலந்து பெட்டிக்குள்ளேயே இறுகிவிடும். பிசையும் முன் அந்த நடுக்கோட்டை இரண்டு பக்கமும் மெல்லியதாக வெட்டி எறியுங்கள். வீண்செலவு என்று பார்க்காதீர்கள். எவ்வளவு பிசைந்தாலும் அந்தக் கட்டி கரையாது. மீதி நாடாவைக் காற்றுப் புகாத உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் நெடுநாள் இளக்கமாக இருக்கும்.

அடுத்தது உரிவது. ரெசின் வார்ப்பில் அச்சிலிருந்து உருவம் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை மேலேயே தங்கியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். ரெசின் வெந்நீரில் வளைந்துவிடும் என்பதால் கொதிநீர் வேண்டாம். பிறகு புட்டி உட்காரும் இடத்தைக் கத்தி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். தொடை போன்ற வழுக்கலான இடத்தில் 1 மில்லிமீட்டர் ட்ரில்லால் ஆழமில்லாத சில குழிகளும் போடலாம். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ஈர உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், முகமூடியும் கட்டாயம்.

கிரீன் ஸ்டஃபை உப்புத்தாளால் வழவழப்பாக்க முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள். இறுகியபிறகும் அதில் லேசான ரப்பர் தன்மை இருக்கும். தேய்த்தால் இழை கிளம்பும். இறுகும் முன், இளக்கமாக இருக்கும்போதே வழவழப்பாக்கிவிட வேண்டும். தேய்த்துக் கூர்மையாக்க வேண்டிய பாகங்களுக்கு மில்லிபுட் வகைப் புட்டியைச் சேர்த்துப் பிசைந்துகொள்ளுங்கள். அது கல்லாக இறுகும், அரத்துக்கும் படியும்.

எண்ணூர் எழுதியது:

எம்-சீலைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் அதிலேயே பாறை, மரத்தண்டு, அரக்கனின் தசை எல்லாம் செய்கிறேன். சமமாகப் பிசைந்தால் கெட்டியாகப் பிடிக்கிறது, தேய்க்க வருகிறது, தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு இல்லாமல் உருவம் செய்ய முடியாது என்ற எண்ணம் நம் ஊர்ப் பையன்கள் பலரை இந்தப் பக்கமே வரவிடாமல் தடுக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை.

பெரம்பூர் ஃபிட்டர் எழுதியது:

எண்ணூர்க்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாறைக்கும் பருமனான உடம்புக்கும் நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் 28 மில்லிமீட்டர் ஆளின் வேட்டி மடிப்பு அரை மில்லிமீட்டர்கூட இராது. எம்-சீல் விரைவில் இறுகும்படி செய்யப்பட்டது. துகளும் சற்றுப் பருமன். மெல்லிய விளிம்பை இழுத்தால் நீளாமல் அறுந்துவிடும். கிரீன் ஸ்டஃபின் பெருமையே இழுத்தால் நீள்வதுதான். ஆகவே குதிரையின் கழுத்தைப் பருமனாக்குவது, சேணத்தின் அடிப்பாகம், பீடத்தின் மண்மேடு ஆகியவை எம்-சீலில் இருக்கட்டும். அது இறுகியபின் மேல்தோலாக, அரை மில்லிமீட்டர் தடிப்பில் மட்டும் கிரீன் ஸ்டஃப் போடுங்கள். ஒரு நாடா பல வீரர்களுக்கு வரும், பணத்துக்கும் பணம் மிச்சம்.

எது பிசைந்தாலும் கையுறை போடுங்கள். இந்தப் புட்டிகளில் இருக்கும் எபாக்சிப் பிசின் தோலில் படப்பட ஒவ்வாமை வளரும். ஒருமுறை வந்துவிட்டால் இந்த வேலையையே விட வேண்டியதாகிவிடும்.

கொசப்பேட்டை எழுதியது:

தம்பி, எங்கள் வீட்டில் பிள்ளையாரும் கொலு பொம்மையும் செய்கிறவர்கள். மண் வேறு, உங்கள் புட்டி வேறு. ஆனால் துணி எங்கே மடியும் என்பது இரண்டுக்கும் ஒன்றுதான்.

நீங்கள் வேட்டியையும் மடிப்பையும் ஒரே மூச்சில் செய்யப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதைப் பிரியுங்கள். முதலில் துளியூண்டு புட்டியை எடுத்து, கீறிய இடத்தில் விரலால் அழுத்தித் தேய்த்துப் படலமாக ஏற்றுங்கள். கீறலுக்குள் புகுந்து பிடித்துக்கொள்வது இந்தப் படலம்தான். அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே மேல் துணியை வைத்துப் பரப்புங்கள். உடனே மடிப்புக்குப் போகாதீர்கள். கொழுக்கட்டை மாவு விரலில் ஒட்டாத பதத்துக்கு வருவதுபோல இதுவும் ஒரு பதத்துக்கு வரும். இந்த வெயிலில் இருபது, இருபத்தைந்து நிமிடத்திலேயே வந்துவிடும். கருவி வைத்த பள்ளம் அப்படியே நிற்கும் நேரம் அது. மடிப்பை அப்போது இழுங்கள்.

தார்ப்பாய்ச்சு என்றால் துணி இரண்டு இடத்தில் இழுபடுகிறது. ஒன்று இடுப்பு முடிச்சு, மற்றொன்று கால்களுக்கிடையே போய்ப் பின்னால் செருகிய இடம். மடிப்பெல்லாம் அந்த இரண்டிலிருந்தும் விசிறியாகக் கிளம்பி, தொடையின் மேல்பக்கத்தில் காணாமல்போகும். குதிரை மேல் உட்காரும்போது தொடைமேல் துணி இறுகும், முழங்காலுக்குக் கீழே தொங்கும். எல்லா மடிப்பையும் ஒரே ஆழத்தில் போட்டால் துணியாகத் தெரியாது, வரிக்குதிரையாகத்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் வீட்டில் யாரையாவது ஈரவேட்டி கட்டி நாற்காலியில் கால் விரித்து உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

வாஸ்லினைக் குறையுங்கள். அது மேல் படலத்துக்கும் கீழ்ப் படலத்துக்கும் நடுவே போய் உட்கார்ந்தால் எதுவும் ஒட்டாது. கருவியைத் தண்ணீரில் தொட்டாலே போதும். வாஸ்லின் பட்ட இடத்தில் அடுத்த படலம் போடும் முன் சோப்பால் கழுவுங்கள்.

மீசைக்கு முகம் முழுதாக இறுகியிருக்க வேண்டும். அன்றைக்கே அதே முகத்தில் கை வைக்காதீர்கள். நீலத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிசையுங்கள். நீலம் கூடினால் விறைப்பு, மஞ்சள் கூடினால் இளக்கமும் ஒட்டும் தன்மையும். கண்ணாடித் துண்டின்மேல் இரு முனையும் கூர்ந்த இரண்டு இழைகளாக உருட்டி, அந்தக் கண்ணாடிமேலேயே கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பாதி விறைத்தபின் எடுத்து மூக்கடியில் வைத்து, முனையை மேல்நோக்கித் திருப்புங்கள். தொய்யாது. புட்டியைப் பிசைந்ததும் பாதியை ஃப்ரீசரில் போட்டுவைத்தால் இறுகுவது மெதுவாகும். அடுத்த வீரனுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். வெயில் ஏறும் முன் காலையில் உட்காருவது எல்லாவற்றிலும் நல்லது.

குதிரைப்படை (தண்டையார்பேட்டை) எழுதியது:

ஃபிட்டர் அண்ணா, கொசப்பேட்டை அக்கா, மிக்க நன்றி. சோப்பில் கழுவி, கீறி, படலம் ஏற்றி ஒரு வீரனை முடித்தேன். நகத்தால் நெம்பினாலும் வேட்டி அசையவில்லை. கட்டியும் இல்லை. மீசை அக்கா சொன்னபடியே நிற்கிறது, முனை கண்ணருகே வரை எழும்பியிருக்கிறது. மடிப்பை முழங்கால்வரை கொண்டுபோகாமல் தொடையிலேயே மறையவிட்டதில் ஆளே உயிர் பெற்றுவிட்டான். எம்-சீலை ஃபிட்டர் அண்ணா சொன்னபடி அடிப்பாகத்துக்கு வைத்துக்கொள்கிறேன். எண்ணூர் அண்ணாவுக்கும் நன்றி.

இன்னும் இரண்டு கேள்விகள். அரிவாளை எதில் செய்வது? புட்டியில் செய்தால் வளைகிறது. அடுத்தது, ஸ்ப்ரே பிரைமர் (வர்ணத்துக்கு முன் போடும் அடிப்பூச்சு) அடித்த இன்னொரு உருவம் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகிவிட்டது. மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) அடித்த பழைய உருவத்தில் வெள்ளைப் புகை படிந்திருக்கிறது. இரண்டையும் மொட்டைமாடியில்தான் அடித்தேன்.

பெரம்பூர் ஃபிட்டர் எழுதியது:

அரிவாளுக்குப் புட்டியே வேண்டாம். அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் அட்டையில் வளைவை வெட்டி, உள்விளிம்பை மட்டும் அரத்தால் சரித்துவிடுங்கள். பித்தளைக் கம்பியைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கினால் இன்னும் உறுதி. அதன் மறுமுனையைத் தட்டாமல் விட்டால் அதுவே பிடியாகிவிடும். வீரனின் மூடிய கைக்குள் 1 மில்லிமீட்டர் துளை போட்டுக் கம்பியை ஊடாகச் செருகிப் பசை வையுங்கள். விரலால் திருகும் சின்ன கைட்ரில், சௌகார்பேட்டையில் பொற்கொல்லர் கருவி விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நகைவேலைக்காரர்களும் இதையேதான் பயன்படுத்துகிறார்கள்.

எண்ணூர் எழுதியது:

ஸ்ப்ரே பற்றி நான் சொல்கிறேன், கடலோரத்தில் இருப்பவன் என்பதால். சொரசொரப்புக்குக் காரணம் வெயில். துளி உருவத்தைத் தொடும் முன் காற்றிலேயே பாதி உலர்ந்து தூளாக விழுகிறது. வெள்ளைப் புகைக்குக் காரணம் காற்றின் ஈரம். வார்னிஷ் உலரும்போது ஈரம் அதில் சிக்கிக்கொள்கிறது. வடசென்னையில் மே மாதம் முற்பகலில் வெயில் கொளுத்துகிறது, கடற்காற்று எழுந்தவுடன் ஈரம் ஏறிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே நல்ல நேரம் தேடி அலைவதைவிடத் தூரிகையால் பூசும் பிரைமரும் தூரிகையால் பூசும் வார்னிஷும் வாங்கிவிடுங்கள். மெல்லியதாக இரண்டு கை பூசினால் புட்டியில் இழுத்த மடிப்பு எதுவும் மறையாது.

புகை படிந்த உருவத்தைக் கழுவி அழிக்க வேண்டாம். அதன்மேல் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் ஒரு கை பூசுங்கள். பெரும்பாலும் வெண்மை மறைந்து வர்ணம் மீண்டும் தெரியும். நன்றாகக் காய்ந்தபின் மேட் வார்னிஷைப் பூசினால் பளபளப்பும் அடங்கிவிடும். மேட் வார்னிஷ் குப்பியை மட்டும் நன்றாகக் குலுக்கிக்கொள்ளுங்கள். பளபளப்பை அடக்கும் பொடி அடியில் தங்கியிருக்கும். அது கலக்காமல் பூசினால் ஒரு பக்கம் மின்னும், ஒரு பக்கம் வெளுக்கும்.