அடையாறு கரைத் திட்டம்: யாரைக் கேட்டு வரையணும்?

கோட்டூர்வாசி:
சென்னையில அடையாறு கரையில பூங்கா, நடைபாதைன்னு பேச்சு வந்தாலே "மக்கள் கருத்து கேட்டீங்களா"ன்னு சிலர் கிளம்பிடறாங்க. 2015 டிசம்பர்ல எங்க தரைத்தளம் முழுக்கத் தண்ணி. ஆத்தோட அகலத்தை மீட்கக்கூட ஊரைக் கூட்டணுமா? அகமதாபாத்ல சபர்மதி ஆத்தங்கரையில வேலையைச் செஞ்சு காட்டலையா?

சைதை செல்வி:
சார், சபர்மதியில ஓடுறது நர்மதா கால்வாய்த் தண்ணி. நம்ம அடையாத்துல கோடையில ஓடுறது சாக்கடை. அதுக்குக் கரையில கிரானைட் பதிச்சு என்ன புண்ணியம்? எந்தக் குழாய்ல கழிவு விழுது, எந்த லாரி ராத்திரி வந்து கொட்டிட்டுப் போகுதுன்னு கரையில இருக்கறவங்களைக் கேளுங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க. ஆனா அவங்ககிட்ட வர்றது கணக்கெடுக்க மட்டும்தான். சுவத்துல நம்பர் எழுதுவாங்க, அடுத்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பிடுவாங்க.

கோட்டூர்வாசி:
வெள்ளத்துல முதல்ல மாட்டுறதும் அவங்கதானேம்மா. ஆக்கிரமிப்பை எடுக்கறது அவங்க உயிருக்கும் நல்லதுதான்.

சைதை செல்வி:
ஏர்போர்ட்டோட ரெண்டாவது ஓடுபாதை அடையாறு மேலேயே பாலம் கட்டித்தான் போகுது. அதை யாரும் ஆக்கிரமிப்புன்னு சொல்றதில்ல.

பழைய வக்கீல்:
ஒரு சட்ட விஷயம். 2013 நில எடுப்புச் சட்டப்படி சமூகத் தாக்க ஆய்வும் பொது விசாரணையும் உண்டு. ஆனா அது தனியார் நிலத்தை எடுக்கும்போதுதான். கரை ஆவணத்துல நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது ஏற்கெனவே அரசு நிலம். அதனால அங்க இருக்கறவரை உட்காரவச்சுப் பேசணும்ங்கற கட்டாயம் அந்தச் சட்டத்துல வராது. பட்டாக்காரருக்குக் கிடைக்கிற விசாரணை இவருக்குக் கிடையாது.

சைதை செல்வி:
எங்க பக்கம் ஒரு கூட்டம் நடந்துச்சு. வேலை நாள், காலையில 11 மணி. வரைபடம் முழுக்க இங்கிலீஷ். வீட்டு வேலைக்குப் போற ஒரு அக்கா ஒரு வீட்டுக்கு லீவு சொல்லிட்டு வந்து, "இதுல எங்க தெரு எங்கப்பா?"ன்னு கேட்டாங்க. பச்சையா பூசின இடத்துல விரலை வச்சுக் காட்டினாங்க. பூங்கா! வரைஞ்சு முடிச்சிட்டுக் கூப்பிட்டா அது அறிவிப்பு சார், கலந்தாய்வு இல்ல.

கோட்டூர்வாசி:
கூட்டம் நடத்தின லட்சணம் சரியில்லைன்னா அதைத் திருத்துங்க. ஆனா எல்லாரும் தலையாட்டுற வரைக்கும் காத்திருந்தா ஒரு மழைக்காலம் கையை விட்டுப் போயிடும். 60 நாள்னு கெடு வைங்க, அதுக்குள்ள பேசட்டும்.

சைதை செல்வி:
60 நாள் சரி. வரைபடம் தமிழ்ல இருக்கணும், கூட்டம் வேலை முடிஞ்சு சாயங்காலம் வைக்கணும். வாக்கிங் போறவங்க சங்கத்தைக் கேட்ட மாதிரியே கரையோரத் தெருக்களையும் கேக்கணும்.

கோட்டூர்வாசி:
அதெல்லாம் செஞ்ச பிறகும் எழுந்திருக்க மாட்டோம்னா?

சைதை செல்வி:
மாத்து வீடு எங்கன்னு அதே வரைபடத்துல காட்டுங்க, பிள்ளைங்க இப்போ படிக்கிற ஸ்கூலுக்கு நடந்து போற தூரத்துல. அதைக் காட்டாம எழுந்திருன்னா நீங்க எழுந்திருப்பீங்களா சார்?