பெரியப்பா ரூம் டிவில படம் நான் வீட்ல இருந்தா மட்டும் ஓடுது, அவசர உதவி

சிப்புட்_பையன் | ஞாயிறு இரவு 11.40
வணக்கம் எல்லாருக்கும். பெரியப்பாவுக்காக பழைய லேப்டாப்ல ஜெல்லிஃபின் (வீட்டுக்குள்ளயே வீடியோ அனுப்பற சர்வர் சாஃப்ட்வேர்) போட்டு அவர் ரூம் டிவில வர்ற மாதிரி செஞ்சிருக்கேன், நான் இருக்கறப்ப அருமையா ஓடுது, நான் வேலைக்கு ஜோகூர் பாரு திரும்பி ரெண்டு நாள்ல "சர்வர் இல்ல"னு வருதுன்னு பெரியம்மா போன் பண்றாங்க. நாலு தடவை இப்படி ஆயிடுச்சு. அடுத்த சனிக்கிழமை ஒரே ஒரு நாள்தான் பேராக் சுங்கை சிப்புட்ல இருக்கற அவங்க வீட்டுக்குப் போக முடியும், அதுக்குள்ள என்ன செய்யணும்னு சொல்லுங்க ப்ளீஸ், அவருக்கு வேற பொழுதே போகல.

லூனாஸ்_கீபோர்ட் | 11.52
என்ன டிவி? லேப்டாப்ல விண்டோஸா லினக்ஸா? வைஃபையா கேபிளா? டிவில சர்வர் இல்லங்கறப்ப அதே வீட்ல போன்ல தெரியுதா? இதெல்லாம் சொல்லாம எப்படி சொல்றது ப்ரோ.

ஐபி_வாத்தியார் | திங்கள் காலை 7.05
தம்பி, கேள்வி கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. இங்க வாரத்துக்கு ஒருத்தர் இதே மாதிரி பாதி விஷயத்தோட வர்றீங்க. சரி, நீங்க சொல்லாட்டியும் எனக்குத் தெரியும், லேப்டாப்போட ஐபி, அதான் நெட்வொர்க் நம்பர், மாறியிருக்கு. ரவுட்டர் ஆஃப் ஆகி வந்தா லேப்டாப்புக்கு வேற நம்பர் குடுத்துடலாம், டிவில இருக்கறது பழைய நம்பர், அப்ப 8096 போர்ட்ல போய் தட்டினா யாரு தொறப்பா? ரவுட்டர்ல டிஹெச்சிபி ரிசர்வேஷன் போடுங்க, எப்பவும் அதே நம்பர்தான் குடுக்கும், முடிஞ்சது. அடிப்படைய படிச்சிட்டு சர்வர் வைக்கிற பழக்கம் வரணும்.

கிளாங்_கேபிள் | 8.30
ஐபி இல்லண்ணே, வைஃபை. லோ காஸ்ட் வீட்ல நடு செவுரெல்லாம் செங்கல், 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டாது. டிவிய 2.4க்கு மாத்துங்க, இல்லன்னா ஒரு கேபிள இழுத்து விட்ருங்க.

லூனாஸ்_கீபோர்ட் | 8.41
வைஃபைன்னா சிப்புட் ப்ரோ வீட்ல இருக்கறப்பவும் ஓடக்கூடாதுல்ல. லேப்டாப் தூங்கிப் போகுது, அவர் இருக்கறப்ப தட்டி எழுப்பிடறாரு, அதான்.

சிப்புட்_பையன் | மதியம் 1.15
மன்னிக்கணும், வேலை இடத்துலேருந்து எழுதறேன். 43 இன்ச் ஆண்ட்ராய்டு டிவி. லேப்டாப் 2013ல வாங்கினது, விண்டோஸ் 10, பேட்டரி செத்துப் போச்சு, எப்பவும் பிளக்லதான் இருக்கும். ஹால்ல ரவுட்டர் பக்கத்துலயே கேபிள் போட்டிருக்கேன், டிவி வைஃபை. ரிசர்வேஷன் முத வாரமே போட்டாச்சு வாத்தியார் அண்ணே, சொல்ல விட்டுட்டேன். ஸ்லீப்பும் நெவர்ல வச்சிட்டேன்.

தெலுக்இந்தான்_அக்கா | 1.40
தம்பி, எல்லாரும் லேப்டாப்ப பத்தியே கேக்கறாங்க. பெரியப்பாவுக்கு என்ன? எந்தக் கை வேலை செய்யுது? பேசுவாரா, படிப்பாரா? என்ன பார்க்க ஆசைப்படறாரு? நான் 9 வருஷமா எங்க அம்மாவ பார்த்துக்கறேன், அதனால கேக்கறேன்.

சிப்புட்_பையன் | இரவு 10.20
அக்கா கேட்டதுக்கு நன்றி. ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்ட்ரோக். வலது கை, வலது கால் வராது. சொல்றது புரியும், ஆனா வாயில வார்த்தை வராது, ரெண்டு மூணு சொல்லுதான், அதனால மைக்ல பேசித் தேடறதெல்லாம் நடக்காது. எழுத்தும் இப்ப அவருக்குப் பிடிபடல, தமிழ் பேப்பர தலைகீழா குடுத்தா திருப்பிக்கறாரு ஆனா படிக்கல. மெனு வந்தா டிவியவே பார்த்துக்கிட்டு இருப்பாரு.

ரப்பர் தோட்டத்துல மண்டோரா, அதான் ஆளுங்கள மேய்க்கற கங்காணியா இருந்தவரு, எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில்ல 20 வருஷத்துக்கு மேல உறுமி அடிச்சவரு. இப்ப அந்த லயத்து வீடெல்லாம் இல்ல, கோயில் இருந்த மேடு வரைக்கும் செம்பனை. திருவிழாவ அப்பல்லாம் ஒருத்தர் வந்து வீடியோ எடுத்து விசிடி போட்டுக் குடுப்பாரு, அப்படி 14 டிஸ்க் பெரியம்மா பீரோல துணி சுத்தி வச்சிருந்தாங்க. அதைத்தான் காப்பி பண்ணி வச்சேன். முத தடவை தீமிதி வந்தப்ப இடது கையால கட்டில தட்ட ஆரம்பிச்சாரு, தாளம் தப்பல. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் நான் அவர அப்படி பார்த்ததே இல்ல. அதான் இது ஓடியே ஆகணும்னு கேக்கறேன்.

பழைய_ஒயர்மேன் | 10.48
தம்பி ஒரே ஒரு கேள்வி. சாயங்காலம் இடி இடிச்சா பெரியம்மா என்ன செய்வாங்க?

சிப்புட்_பையன் | 10.55
எல்லா பிளக்கையும் புடுங்கிடுவாங்க. டிவி, மோடம், எல்லாம். மழை விட்டதும் திரும்ப போட்டுடுவாங்களே.

பழைய_ஒயர்மேன் | 11.02
லேப்டாப்?

சிப்புட்_பையன் | 11.03
ஐயோ. பேட்டரி இல்ல. செத்துடும். பவர் பட்டன அமுக்கணும்னு அவங்களுக்குத் தெரியாது.

பழைய_ஒயர்மேன் | 11.09
அதேதான். பிளக் போட்டா ஃபேன் மாதிரி தானா வரும்னு நினைச்சிருப்பாங்க, அவங்க மேல தப்பே இல்ல. கிந்தா பக்கம் மத்தியானம் வெயில் கொளுத்தினா மூணு நாலு மணிக்கெல்லாம் இடிதான், வாரத்துல எத்தனை நாள்.

ஐபி_வாத்தியார் | 11.20
அப்ப நான் சொன்னதும் ஒரு காரணம்தான், ரவுட்டரும் ஆஃப் ஆகுதுல்ல. இதுக்கெல்லாம் கரண்டு எகிறினா தடுக்கற சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒண்ணு 40, 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்குது, அதை வாங்கி வச்சிட்டு பிளக்கைத் தொடாதீங்கன்னு பெரியம்மாகிட்ட சொல்லுங்க. புடுங்கறதெல்லாம் அந்த காலத்துப் பழக்கம்.

பழைய_ஒயர்மேன் | 11.34
வாத்தியாரே இதுல நீங்க பேசக்கூடாது. 31 வருஷம் ஒயரிங் செஞ்சிருக்கேன். அந்த எக்ஸ்டென்ஷன்ல இருக்கற குட்டி உருப்படி சின்னச் சின்ன எகிறலைத் தாங்கும், பக்கத்துல விழற மின்னலைத் தாங்காது. ஒவ்வொரு அடிக்கும் அது தேஞ்சுக்கிட்டே வரும், எப்ப செத்துச்சுன்னு வெளிய பார்த்தா தெரியாது. எர்த் சரியில்லாத பழைய வீட்ல அது பேருக்குத்தான். புடுங்கறதுதான் சரி. இடி தலைக்கு மேல வந்தப்புறம் போய் தொடாம, தூரத்துல கேக்கறப்பவே புடுங்கணும், அவ்வளவுதான்.

கிளாங்_கேபிள் | 11.41
இப்ப ஃபைபர் தானே, கண்ணாடி இழைல மின்னல் வராது. முன்ன செம்பு டெலிபோன் ஒயர்ல வந்து மோடம சுட்டதெல்லாம் உண்மை.

பழைய_ஒயர்மேன் | 11.50
ஃபைபர்ல வராது, சரி. மோடம் அடாப்டர் எங்க மாட்டியிருக்கு? செவுத்துலதானே. கூரை மேல சட்டி ஆண்டனா இருந்தா அந்த ஒயர்லயும் இறங்கும்.

ஐபி_வாத்தியார் | செவ்வாய் காலை 6.58
மெயின் போர்டுல எஸ்பிடி, அதான் வீட்டு லைனுக்கே போடற சர்ஜ் புரொடெக்டர், போட்டா? அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

பழைய_ஒயர்மேன் | 7.15
நேத்து 50 வெள்ளி எக்ஸ்டென்ஷன்னு எழுதினீங்க, மேலேயே இருக்கு. எஸ்பிடி நல்லது, லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் வந்து எர்த்தை டெஸ்ட் பண்ணிட்டு போடணும். அது சனிக்கிழமைக்குள்ள நடக்காது.

லூனாஸ்_கீபோர்ட் | 7.40
சண்டைய விடுங்க. பெரியம்மா பிளக் புடுங்கறதை மாத்த வேணாம், போட்டா தானா எழுந்து ஓடற சாமானா வச்சிடுவோம். 14 விசிடின்னா ஒண்ணு 700, 800 எம்பி, மொத்தம் 11 ஜிபி சுத்தி. இதுக்கு சர்வரே வேணாம், வைஃபையும் வேணாம். ஒரு ராஸ்பெர்ரி பை 4 (கையளவு குட்டி கம்ப்யூட்டர்), அதுல லிப்ரெலெக் (கோடிங்கற வீடியோ பிளேயர ஓட்டறதுக்குன்னே இருக்கற சின்ன லினக்ஸ்), 32 ஜிபி பென்டிரைவ், ஹெச்டிஎம்ஐல டிவி பின்னாடி. பைக்கு பவர் பட்டன் கிடையாது, கரண்டு வந்தா தானா எழும். லிப்ரெலெக்ல சிஸ்டம் பகுதி படிக்க மட்டும்தான், அதனால திடீர்னு புடுங்கினாலும் சாதாரண லினக்ஸ் அளவு பயம் இல்ல. ஆட்டோஸ்டார்ட் ஃபைல்ல ஒரு முப்பது செகண்ட் காத்திருந்து அந்த ஃபோல்டரை பிளே பண்ணுனு கோடிக்கு ஒரு வரி, திரும்பத் திரும்ப ஓடணும்னு இன்னொரு வரி. காத்திருக்கற வரிய விட்டுடாதீங்க, அந்த ஃபைல் கோடி எழறதுக்கு முன்னாடியே ஓடிடும். விசிடில இருக்கற டேட் ஃபைல்களை வீட்ல உக்காந்து எம்பி4-ஆ மாத்திக்குங்க.

கிளாங்_கேபிள் | 7.52
பென்டிரைவ நேரா டிவிலயே சொருகினா? எதுக்கு பை.

லூனாஸ்_கீபோர்ட் | 7.58
சொருகலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் சோர்ஸ் தேடி ஃபோல்டர் தேடி ஓகே அமுக்கணும். மெனுவே வேணாங்கறாரே.

தெலுக்இந்தான்_அக்கா | 9.10
இது சரியா வரும்னு தோணுது. இன்னும் ரெண்டு விஷயம் தம்பி. ரிமோட்ல 40 பட்டன் இருக்கு, அதை அவர்கிட்ட குடுக்காதீங்க. யுஎஸ்பி நம்பர் கீபேட் சின்னதா கிடைக்கும், எங்க அம்மாவுக்கு அதைத்தான் வச்சிருக்கோம், கோடில கீமேப் (எந்தப் பட்டன் என்ன செய்யணும்னு சொல்ற ஃபைல்) எழுதி எந்தப் பட்டனை அமுக்கினாலும் அடுத்த வீடியோன்னு வச்சிட்டான் என் மகன். தப்பான பட்டன்னு ஒண்ணு இல்லாம போனதும் அம்மா பயமில்லாம தட்ட ஆரம்பிச்சாங்க. ஒரு பலகைல ஒட்டி இடது பக்கம் கை எட்டற இடத்துல வைங்க, ஒயர் வழுக்காம கட்டிடுங்க.

இன்னொண்ணு, ஸ்ட்ரோக்ல வலது பக்கம் விழுந்தவங்களுக்கு சில பேருக்கு ரெண்டு கண்ணுலயும் வலது பக்கப் பார்வை போயிடும், அவங்களுக்கே தெரியாது. சாப்பாட்டு தட்டுல வலது பக்கம் சோறு அப்படியே இருக்கான்னு பாருங்க. இருந்தா டிவிய கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துங்க, கிளினிக்லயும் சொல்லுங்க.

சிப்புட்_பையன் | 1.05
அக்கா, சோறு மிச்சம் இருக்கும். பசியில்லன்னு நினைச்சு எடுத்துடுவோம். இன்னிக்கே பெரியம்மாகிட்ட சொல்றேன். லூனாஸ் ப்ரோ, பை ஆர்டர் பண்ணிட்டேன்.

ஐபி_வாத்தியார் | 1.30
பைக்குன்னே விக்கற அடாப்டரையே போடுங்க, 5.1 வோல்ட் 3 ஆம்பியர். போன் சார்ஜர் போட்டா மஞ்ச மின்னல் குறி வந்து தொந்தரவு குடுக்கும். பெரியம்மா பிளக் புடுங்கற விஷயம், ஒயர்மேன் சொன்னதுதான் சரி.

சிப்புட்_பையன் | ஞாயிறு இரவு 9.15
போட்டாச்சு. நேத்து நாலு மணிக்கு இடி, பெரியம்மா வழக்கம்போல புடுங்கினாங்க, ஆறு மணிக்கு திரும்ப மாட்டினாங்க, நான் எதையும் தொடல, தானா தீமிதி ஓடிச்சு. டிவிய ரெண்டு அடி இடது பக்கம் நகர்த்திட்டேன். இப்ப பஸ்ல இருக்கேன். அக்காவுக்கும் ஒயர்மேன் ஐயாவுக்கும் எல்லாருக்கும் நன்றி.

புதுசு_ரவாங் | புதன் மாலை 6.22
எங்க அத்தைக்கும் இதே நிலைமைதான் அண்ணே, இடது பக்கம் விழுந்தவங்க. அந்த ஆட்டோஸ்டார்ட் ஃபைலும் கீமேப்பும் அப்படியே இங்க போட முடியுமா? எனக்கு கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாது.

புதுசு_ரவாங் | வெள்ளி காலை 8.03
சிப்புட் அண்ணே இருக்கீங்களா?

தெலுக்இந்தான்_அக்கா | 8.20
அவர் வேலைல இருப்பாரு தங்கம். என் மகன் இன்னிக்கு ராத்திரி வருவான், கீமேப்ப அவன்கிட்ட வாங்கிப் போடறேன். அதுக்குள்ள சொல்லுங்க, அத்தைக்கு எந்தக் கை வேலை செய்யுது, படிக்க முடியுதா?