கள்ளவெளிச்சம்: லென்ஸ் ஃப்ளேருக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பலமான விளக்கோ வெயிலோ லென்ஸில் பட்டு, படத்தில் தேவையில்லாத வெளிச்சப் புள்ளியும் கோடும் மங்கலும் விழுவதைத்தான் ஆங்கிலத்தில் லென்ஸ் ஃப்ளேர் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் குழுவில் கேட்டதற்கு இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: ஒளிச்சிதறல், ஒளிப்பிழம்பு, ஒளிக்கூச்சம், ஒளிக்கசிவு, உட்தெறிப்பு. ஐந்திலும் எனக்கு ஏதோ ஒரு குறை படுகிறது. அதற்கு முன் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் சொல் அங்கிருந்துதான் கிடைத்தது.

எனக்கு ஊர் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை. சொந்தபந்தத்தில் பாதி அந்தப் பக்கம் பாறசாலையில். போன மாதம் அங்கே ஒரு கல்யாண வரவேற்பு. மண்டப முகப்பில் மாப்பிள்ளை, பெண் பெயரை மலையாளத்தில் எல்இடி விளக்காக எழுதியிருந்தார்கள். அதன் கீழே, முற்றத்து இருட்டில், கருநீலச் சேலையோடு நின்ற அத்தையை செல்போனில் ஒரு படம் எடுத்தேன். எடுத்துப் பார்த்தால் அத்தையின் சேலை மடிப்பில் பச்சை நிறத்தில் எழுத்து. பெரிதாக்கிப் பார்த்தேன். அதே பெயர்தான், தலைகீழாக. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன மக்களே, கூடோத்திரமா?" என்றார். கூடோத்திரம் என்றால் எங்கள் பக்கத்தில் செய்வினை.

அத்தைக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அந்த எல்இடி பெயர்ப்பலகையின் வெளிச்சம் லென்ஸ் வழியாகப் போய் உணரியில், அதாவது படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் விழுகிறது. உணரி அதை முழுக்கக் குடித்துவிடுவதில்லை. கொஞ்சம் வந்த வழியே திரும்பி வெளியே கிளம்புகிறது. வாசலில் தட்டையான காப்புக் கண்ணாடி நிற்கிறது. அதில் மோதி மறுபடி உள்ளே வந்து, படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் விழுகிறது. பலகை இடது மேல்மூலையில் இருந்தால் அதன் உரு வலது கீழ்மூலையில், தலைகீழாக. பச்சை நிறம் பெரும்பாலும், எதிரொளிப்பைக் குறைக்க லென்ஸில் பூசும் பூச்சுகளின் வேலை. பூச்சு எல்லா நிறத்தையும் ஒரே அளவில் அடக்குவதில்லை.

இது ஒரு வழிதான். பூச்சில்லாத கண்ணாடி முகம் ஒவ்வொன்றும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல பூச்சு இருந்தால் 1 சதவீதத்துக்கும் கீழே. செல்போன் லென்ஸுக்குள் 7 வில்லை என்றால், முன்னும் பின்னுமாக 14 முகம். ஏதாவது இரண்டு முகம் கூட்டுச் சேர்ந்தால் வெளிச்சத்துக்கு ஒரு ஊடுவழி கிடைத்துவிடும். 14 முகத்தில் அப்படி 91 சோடி. 4 சதவீதத்தில் 4 சதவீதம் என்றால் 625-இல் ஒரு பங்குதான், ரொம்பக் குறைவு. ஆனால் இருட்டுச் சேலையைவிடப் பலகை ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசம். அந்த ஒரு பங்கே போதும்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

ஒளிச்சிதறல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. வானம் ஏன் நீலம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லும்போது வருகிற சொல் அது, இராமன் விளைவுக்கும் அதுதான். அதை இங்கேயும் இழுத்தால் மாணவர்கள் குழம்புவார்கள். ஒளிப்பிழம்பு அகராதியைப் பார்த்துச் செய்தது என்று நினைக்கிறேன். ஆங்கிலச் சொல்லுக்குள் தீச்சுடர் இருக்கிறது என்பதற்காக நாமும் பிழம்பு வைக்க வேண்டுமா? கேட்டதும் சாமி படம்தான் நினைவுக்கு வருகிறது. ஒளிக்கூச்சத்தில், கூசுவது கண். கேமராவுக்கு ஏது கூச்சம்? ஒளிக்கசிவு வேறு நோய். ஃபிலிம் கேமராவில் பின்கதவுப் பஞ்சு இற்றுப்போய், இடுக்கு வழியே வெளிச்சம் புகுந்து ஃபிலிமில் சிவப்பாகத் தீற்றிவிடும். ஸ்டுடியோ வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அதற்கே அந்தப் பெயர் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்து ஐயா தந்த உட்தெறிப்பு அருமையான சொல். நாம் எதிரொளிப்பு என்பதை அங்கே தெறிப்பு என்பார்கள், காரணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். ஆனால் இந்தப் பக்கம் தெறிப்பது தண்ணீரும் எண்ணெயும்தான். அதோடு, எல்லாமே எதிரொளிப்பாலும் வருவதில்லை. கண்ணாடியில் படிந்த விரல் எண்ணெயாலும் வருகிறது.

என் முன்மொழிவு கள்ளவெளிச்சம்.

பொய்வெளிச்சம் என்றும் யோசித்தேன். ஆனால் வெளிச்சம் பொய்யில்லையே. அத்தையின் சேலையில் விழுந்தது பலகையின் சொந்த வெளிச்சம்தான், வந்த பாதைதான் தப்பு. எங்கள் ஊரில் ரேஷன் அரிசி எல்லை தாண்டுவது மாதிரி. அரிசி அசல் அரிசிதான், வண்டி போன வழிதான் ஊடுவழி. கள்ளத்தோணி, கள்ளச்சாவி வரிசையில் இதுவும் இயல்பாக உட்கார்ந்துவிடும்.

'கள்ள' கொச்சையாக இருக்கிறது, அறிவியலுக்குப் பொருந்துமா என்று யாராவது கேட்கக்கூடும். கள்ளக்கடலைப் பாருங்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த காற்றால் எழும் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திருடன் மாதிரி கரையேறுவதற்குக் கேரள மீனவர்கள் வைத்த பெயர். 2012-இல் யுனெஸ்கோவே அதை அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. இன்றைக்குக் குமரிக் கடற்கரைக்கு எச்சரிக்கை வரும்போது அதே பெயரில்தான் வருகிறது.

மனசுக்குள் எனக்குக் கள்ளவெட்டம்தான் பிடித்தது. எங்கள் வீட்டில் இன்றும் வெளிச்சம் என்றால் வெட்டம். ஆனால் மதுரைக்காரர் அதைக் கேட்டால் அரிவாளைத் தேடுவார். விட்டுவிட்டேன்.

பொதுப்பெயர் ஒன்று போதாது. வகைக்கு வகை வைத்தியம் வேறு என்பதால் பெயரும் வேறாக இருப்பது நல்லது.

சேலையில் விழுந்த பச்சை எழுத்தை எதிர்நிழல் என்னலாம். நிழல் என்றால் இருட்டு மட்டுமில்லை, உருவமும்தான். நிழற்படத்தில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'எதிர்' என்பதிலேயே வைத்தியமும் இருக்கிறது: விளக்கை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ, நிழல் அதற்கு எதிர்ப்பக்கம் ஓடும். செல்போனை லேசாகத் திருப்பி அதை முகத்திலிருந்து சுவருக்கோ பந்தல் துணிக்கோ தள்ளிவிடலாம். விளக்கை நட்ட நடுவில் வைத்தால் நிழல் விளக்கின் மேலேயே விழுந்து மறைந்துவிடும். கேமராவுக்கு மேல் தனியாகக் கண்ணாடிக் காப்பு ஒட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், அது இன்னும் இரண்டு முகம்.

படம் முழுக்கச் சோகை பிடித்த மாதிரி ஆவதற்கு வெளிறல். வெயில் படத்துக்கு வெளியே நின்றுகொண்டே இதைச் செய்யும். கையை நெற்றிக்கு வைப்பது போல லென்ஸுக்கு மேல் வைத்து மறைத்தால் பாதி சரியாகும். எதிர்நிழலைப் பின்னால் செயலியில் அழித்துவிடலாம், வெளிறலை அவ்வளவு சுலபமாக மீட்க முடியாது.

விளக்கிலிருந்து நீளமாகக் கோடு இழுத்துக்கொண்டு போவதற்கு ஒளியிழுப்பு. இது விரல் எண்ணெய். எந்தத் திசையில் தேய்த்தீர்களோ அதற்குக் குறுக்கே கோடு போகும். சுத்தமான துவர்த்தின், அதாவது துண்டின் நுனி போதும். சட்டையில் அவசரமாகத் துடைத்தால் கோடு திசை மாறுமே தவிரப் போகாது.

அப்புறம், கேமரா செயலியைத் தமிழாக்கும் தம்பி பொத்தானுக்குச் சின்னதாக ஒன்று கேட்டிருந்தார். கள்ளவெளிச்சத்தைச் சுருக்கிக் கள்ளொளி என்றால் எங்கள் பக்கத்தில் கள்ளுக்கடை போர்டு என்று நினைப்பார்கள். 'கள்ளவெளிச்சம் நீக்கு' என்று என் போனில் போட்டுப் பார்த்தேன், கடைசி எழுத்து வெட்டுப்பட்டது. 'கள்ளவொளி நீக்கு' அடங்குகிறது. பொத்தானில் மட்டும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, விளக்கக் குறிப்பில் வெளிச்சமே இருக்கட்டும்.